எட்டு லிங்கங்களும் ஒரு பாராசூட் பிரிகேடும்

நான் திருவண்ணாமலைக்குப் போனது பக்தியால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னூட்டத்தில் பாதிச் சண்டை குறையும். பழைய கோட்டை, பீரங்கி, படைப்பிரிவு என்று கண்டதையும் தேடிப் படிப்பது என் வழக்கம். வீட்டில் எனக்குப் ‘பீரங்கி’ என்றே பட்டப்பெயர். ஐம்பத்தாறு வயதில் பதினான்கு கிலோமீட்டர் செருப்பில்லாமல் நடந்ததற்குக் காரணமும் ஒரு படைப்பிரிவுதான். அதுவும் பிரான்ஸ் நாட்டுப் படைப்பிரிவு.

என் சித்தி மகன் தனசேகர் புதுச்சேரியில் பிறந்தவன், ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போனபோது அவர்கள் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் சில அங்கே உண்டு. அந்த வீட்டுப் பையன்கள் பலர் பிரான்ஸ் போய் ராணுவத்தில் சேர்வார்கள். புதுச்சேரியில் அவர்களுக்குச் ‘சொல்தா’ என்று பெயர். இவனும் அப்படிப் போன சொல்தாதான். இருபது வருடத்துக்கு மேல் பாராசூட் படையில் இருந்துவிட்டு, இப்போது கார்க்கசோன் என்ற ஊரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு தோட்டத்தில் தக்காளி வளர்க்கிறான். அந்தப் படையைப் பற்றிச் சொல்லடா என்று பத்து வருடமாகக் கேட்கிறேன். "அது கெடக்குதுக்கா" என்பான்.

பொங்கல் முடிந்த வாரம் அவனே போன் செய்தான். "அக்கா, புதுச்சேரி வந்திருக்கேன். புதன்கெழம அண்ணாமலையார் கிரிவலம் போறேன். கூட வந்தீன்னா பிரிகேட் கத முழுசா சொல்றேன்" என்றான். சும்மா கிடந்த சங்கை அவனே எடுத்து ஊதினான். நான் விடுவேனா?

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கிளாம்பாக்கத்தில் அரசுப் பேருந்து பிடித்தேன். திண்டிவனம், செஞ்சி வழி. நான்கு மணி நேரம், 155 ரூபாய். செஞ்சிக் கோட்டை தெரிய வேண்டுமானால் ஜன்னலோரம் உட்காருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து செங்கம் சாலையில் அறை எடுத்திருந்த விடுதிக்கு ஆட்டோவில் 120 ரூபாய் கேட்டார்கள், நூறுக்கு வந்தார்கள். ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், சந்துக்குள் இருக்கும் சாதாரண அறை. ஒரு நாளைக்கு 1,400. சுடுதண்ணீர் உண்டு. எதிரில் வெள்ளைக்காரர்களுக்காக நடத்தும் காப்பிக்கடையில் ஒரு காப்பி 140 ரூபாய். அடுத்த தெருமுனைத் தேநீர்க்கடையில் பதினைந்து. எதைக் குடித்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

தனசேகர் புதுச்சேரியிலிருந்து முன்பே வந்துவிட்டான். ஆறடி ஆள், மொட்டைத் தலை, வேட்டி. இரண்டு முழங்கால்களும் கெட்டுப்போனதால் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறான். மதியச் சாப்பாட்டில் கூட்டைத் தொடவில்லை. என்னடா என்று கேட்டதற்குத்தான் விஷயம் வெளியே வந்தது.

அவன் மகள் ஆனந்திக்கு இருபத்திரண்டு வயது. போன வருடம் ராணுவத்தில் சேர்ந்தாள், அது எனக்குத் தெரியும். அலுவலக வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அவளும் பாராசூட் படைக்கே விருப்பம் கொடுத்திருக்கிறாள். ஸ்பெயின் எல்லைப் பக்கம் ‘போ’ என்று ஓர் ஊர். பிரெஞ்சு ராணுவத்தில் யார் குதிக்கக் கற்றுக்கொள்வதானாலும் அங்கேதான் போக வேண்டும். ஆறு தடவை குதித்தால் சிறகு வைத்த வில்லை ஒன்றைச் சட்டையின் வலது மார்பில் குத்துவார்கள். வீட்டில் யாராவது பழைய பாராசூட் ஆள் இருந்தால் அவர் கையால் குத்திக்கொள்ளலாம். ஆனந்தி அப்பாவைக் கேட்டிருக்கிறாள். இவன், "இந்தியாவுல ஒரு வேண்டுதல் இருக்குது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

"இன்னிக்குத்தான் மொதல் குதி. அங்க மத்தியானம் ஒன்றரை. இங்க ஆறு மணி" என்றான்.

"அதுக்குத்தான் கிரிவலமா? நல்லபடியா எறங்கணும்னு வேண்டுதலா?"

"ஆமாங்கா" என்றான், மோரை ஊற்றிக்கொண்டே. நானும் நம்பிவிட்டேன்.

கோபுரத்துக்கு அழைத்துப் போன ஆட்டோக்காரர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ரெண்டு மணிக்கா கிரிவலம் போறீங்க? தை மாசம்னாலும் தாரு சுடுங்க. நாலு மணிக்கு மேல கெளம்பினா கூட்டமும் கம்மி, சூடும் கம்மி" என்றார். தனசேகர் கேட்கவில்லை. ஆறு மணிக்கு அவன் நடந்துகொண்டே இருக்க வேண்டுமாம், உட்கார்ந்திருக்க முடியாதாம். நான் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டேன். சாமி குற்றம் என்பவர்கள் என் பாதத்தை வந்து பார்க்கலாம்.

ராஜகோபுரத்தின் எதிரில் கற்பூரம் ஏற்றிவிட்டு இந்திர லிங்கத்தில் தொடங்கினோம். மலையைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். அங்கேதான் அவன் தன் கணக்கைச் சொன்னான். பிரெஞ்சு ராணுவத்தின் பதினொன்றாம் பாராசூட் பிரிகேடில் ரெஜிமென்ட்டுகளும் எட்டுதான். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் பேர். பிரிகேட் என்பது இந்த எட்டையும் ஒரே தளபதியின் கீழ் கட்டிவைத்த மூட்டை. தலைமையகம் துலூஸ் நகரத்தில். எட்டும் நாட்டின் தென்மேற்கு மூலையில்தான் இருக்கின்றன, ஒன்றே ஒன்று மட்டும் கோர்சிக்கா தீவில்.

"சர்வீஸ்ல இருந்தப்ப லீவுல வந்து கிரிவலம் சுத்துவேன். அப்ப ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு ரெஜிமென்ட்டுன்னு வெச்சுக்கினேன். அந்தந்த எடத்துல அவங்களுக்குக் கும்புடு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், உலகத்தில் இந்த மலையை இப்படிச் சுற்றுகிறவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இந்திரன் தேவர்களுக்குத் தலைவர் என்பதால் முதல் லிங்கம் எட்டில் முதன்முதலாகப் பாராசூட் கட்டிய ரெஜிமென்ட்டுக்கு. இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்காவில் உருவான காலாட்படை அது, இப்போது இருப்பது பாமியே என்ற சிற்றூரில். 1983இல் பெய்ரூட்டில் அமைதி காக்கப் போன இடத்தில், தங்கியிருந்த கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்ததில் ஐம்பத்தெட்டு பிரெஞ்சு வீரர்கள் ஒரே காலையில் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் இந்த ரெஜிமென்ட்டுப் பையன்கள். இதைச் சொல்லும்போது தனசேகர் நடையை நிறுத்தவில்லை, ஆனால் குரல் தணிந்துவிட்டது. அடுத்து அக்கினி லிங்கம், அது பீரங்கிப் படைக்கு. யோசிக்கவே வேண்டாம், நெருப்பு. விமானத்திலிருந்து பீரங்கியையே பாராசூட் கட்டித் தள்ளுவார்களாம். என் பட்டப்பெயருக்குப் பொருத்தமாக அங்கே நான் இரண்டு விளக்கு ஏற்றினேன், இருபது ரூபாய்.

ரமணாசிரமம் தாண்டும்வரை நடைபாதையில் இளநீர், உத்திராட்சம், தியான வகுப்பு விளம்பரம் என்று வழி அடைத்துக்கொண்டுதான் இருக்கும். இளநீர் ஐம்பது ரூபாய், பேரம் வேண்டாம். அதன் பிறகு செங்கம் சாலையை விட்டு வலது பக்கம் திரும்பும் பாதையில் மரநிழல் வருகிறது. அந்த நிழலில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

எமலிங்கத்தை அவன் அந்நியர் படைக்குக் கொடுத்திருந்தான். எந்த நாட்டுக்காரனும் சேரலாம் என்ற பெயர்பெற்ற படை அது. அதன் பாராசூட் ரெஜிமென்ட்டுதான் கோர்சிக்காவில் இருப்பது. மற்றவர்களுக்குச் சிவப்புத் தொப்பி, இவர்களுக்கு மட்டும் பச்சை. 1978இல் ஆப்பிரிக்காவின் ஜயீர் நாட்டில் கலகக்காரர்களிடம் சிக்கியவர்களை மீட்கக் குதித்தபோது, இரவல் வாங்கிய அமெரிக்கப் பாராசூட்டில் இவர்களுடைய பைகள் மாட்டவில்லையாம். கம்பியால் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"மீட்கப் போனது சரி. அதுக்கு முன்னால இந்தோசீனாவுலயும் அல்ஜீரியாவுலயும் யாரை மீட்டாங்க? அடிமைப்பட்ட ஜனங்க எழுந்தப்ப மேலேர்ந்து குதிச்சு அடக்குனவங்கதானே? நம்மளையும் ஆண்டவன்தானேடா அவன்?"

"தெரியும்க்கா."

"1961இல?"

"அதுவும் தெரியும்."

வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வருடம் அல்ஜீரியாவுக்கு விடுதலை தரக் கூடாது என்று சில தளபதிகள் சொந்த அரசாங்கத்தின் மேலேயே கலகம் செய்தார்கள். கூடப் போனவர்களில் பாராசூட் படைகள் முக்கியம். கலகம் சில நாளில் அடங்கியது. அப்போதிருந்த இரண்டு பாராசூட் டிவிஷன்களையும் அரசு கலைத்தது. மிஞ்சியவர்களைச் சேர்த்துப் பதினொன்று என்ற எண்ணில் புது டிவிஷன் அமைத்தார்கள். 1971இல் அதற்குப் பதினொன்றாம் பாராசூட் டிவிஷன் என்று பெயர் வந்தது. பிறகு பிரான்ஸ் கட்டாய ராணுவச் சேவையைக் கைவிட்டு, சம்பளத்துக்கு வருபவர்களை மட்டும் வைத்துக்கொள்ளத் தொடங்கிய காலத்தில், 1999இல் டிவிஷன் சுருங்கிப் பிரிகேட் ஆனது. அதாவது இன்று பெருமையாக நிற்கும் இந்தப் பிரிகேட், தண்டனையாகக் கலைக்கப்பட்ட ஒன்றின் மிச்சத்திலிருந்து வந்தது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இது இருக்காது.

"அப்ப நீ யாருக்காகக் குதிச்ச?" என்று கேட்டேன்.

"சம்பளத்துக்குத்தான் போனேன்க்கா. வேற என்னா? அப்புறம், முன்னாடி நிக்கிறவனுக்காக. விமானத்துல ஒவ்வொருத்தனும் தனக்கு முன்னாடி நிக்கிறவன் முதுகுல இருக்கற பாராசூட்ட தடவிப் பாக்கணும். வாரு சரியா, கொக்கி பூட்டியிருக்குதா. என் உசுரு பின்னாடி நிக்கிறவன் கையில. அவன் எந்த ஊரு, என்னா ஜாதின்னு யாரு கேக்கறது?"

நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

நிருதி லிங்கத்தையும் வருண லிங்கத்தையும் கப்பற்படையின் வழிவந்த இரண்டு காலாட்படை ரெஜிமென்ட்டுகளுக்குக் கொடுத்திருந்தான். இரண்டின் சின்னத்திலும் நங்கூரம் உண்டு. ஆகாயத்திலிருந்து குதிக்கிறவனுக்கு நங்கூரம் எதற்கு என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கப்பலேறிக் கடல் கடந்து நாடு பிடிக்கப் போனவர்களின் வாரிசு என்பதால்தானாம். வருண லிங்கம் அவனுடைய சொந்த ரெஜிமென்ட்டு, கார்க்கசோனில் இருப்பது. அங்கே மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்க நான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கடைசி எட்டு வருடம் அவன் செய்தது வேறு வேலை. விமானத்தின் கதவைத் திறந்து, ஆட்களை வரிசையாக வெளியே அனுப்புவது. "எழுந்திரு, கொக்கியை மாட்டு" என்று கத்த வேண்டும்; விமானத்துக்குள் ஓடும் கம்பியில் அந்தக் கொக்கியை மாட்டினால்தான் குதித்ததும் பாராசூட் தானாக விரியும். அவர்கள் சோதித்து முடித்ததும் முதல் ஆளைக் கதவில் நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கு பச்சையானதும் ‘கோ’ என்று சத்தம் கொடுக்க வேண்டும். மணி அடிக்கும் சத்தத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுவார்கள். நானூறு மீட்டர் உயரம்கூட இருக்காது, ஒரு நிமிடத்தில் தரை. எத்தனை பேரை அனுப்பியிருப்பாய் என்றேன். எண்ணினால் அடுத்த ஆளை அனுப்ப முடியாது என்று எண்ணவே இல்லையாம்.

ஆதி அண்ணாமலை கோயில் வாசலில் சுண்டல் வாங்கிக்கொண்டோம், முப்பது ரூபாய். குரங்குகள் உண்டு, பையை மூடி வையுங்கள். வாயு லிங்கத்துக்கு வந்தபோது மணி ஐந்தேகால். மற்ற இடங்களில் ஐந்து நிமிடம் நின்றவன் அங்கே உட்கார்ந்துவிட்டான். வாசலில் நெய்விளக்கு விற்கிற அம்மா ஒருவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"இங்க மூச்சு எளப்பு இருக்கறவங்கதான் ஜாஸ்தி வருவாங்க. உனுக்கு என்னாப்பா?"

"எம்பொண்ணுக்கும்மா. வெளிநாட்டுல விமானத்துலேர்ந்து குதிக்கப் போவுது. காத்துக்காக வேண்டிக்கினு இருக்கேன்."

"அடி ஆத்தீ! காத்து நிக்கணும்னா?"

"இல்லம்மா. வீசணும். நல்லா வீசணும்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. விளக்கை நீட்டிவிட்டு வேறு ஆளைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. காற்று பலமாக இருந்தால் பயிற்சிக் குதியை நிறுத்திவிடுவார்கள் என்பது இந்த விஷயத்தை அரைகுறையாகப் படித்தவர்களுக்கும் தெரியும்.

"நல்லபடியா எறங்கணும்னு வேண்டிக்கிறேன்னு சொன்ன?" என்றேன்.

"குதிக்கவே வேணாம்னு வேண்டிக்கிறேன்க்கா." நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான். "மேல ஏறிட்டுக் குதிக்காம எறங்கறது பாரு, அதுதான் கொடும. ராத்திரி பூரா கதவு கண்ணுல நிக்கும். மறுநாள் பாதிப் பேரு மூஞ்சி வேற மாதிரி இருக்கும். வேணாம்னு சொல்றவங்க அப்பதான் சொல்லுவாங்க. சொன்னா யாரும் தள்ள மாட்டாங்க. கொக்கியக் கழட்டி முன்னாடி கொண்டுபோய் உக்கார வெச்சிருவோம். அதோட முடிஞ்சுது, வீட்டுக்குப் போயிடலாம். எம்பொண்ணும் அப்டி வீட்டுக்கு வந்துடணும். அவ்ளோதான்."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கதவில் நிறுத்தி ‘கோ’ சொன்னவன்! தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சரிதான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவன் கை விளக்கைப் பிடித்திருந்த விதம் சொல்லவிடவில்லை. பெற்றவன் பயம் என்று ஒன்று உண்டு, அதற்கு நியாயம் பேச முடியாது. அவன்மேல் எனக்குப் பாவமாகவும் இருந்தது, அந்தப் பெண்ணை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

இந்த லிங்கம் யாருக்கு என்று பேச்சை மாற்றினேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய குதிரைப்படைக்கு, என்றான். குதிரைகள் போய்க் கவச வண்டிகள் வந்துவிட்டன, பெயர் மட்டும் மாறவில்லை. குபேர லிங்கம், பாராசூட்டுகளை மடித்துக்கொடுக்கும் ரெஜிமென்ட்டுக்கு. நீண்ட மேசைகளில் நின்று ஒவ்வொரு பாராசூட்டையும் கையால் மடிக்கிறார்கள்; அத்தனை பேரின் சொத்தும் அதுதான் என்பதால் குபேரன். அதற்கு மேல் அவன் விளக்கவில்லை. ஆறு மணி ஆகிக்கொண்டிருந்தது.

குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இடுக்குப் பிள்ளையார். சின்ன மண்டபத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து நெளிந்து, மறுபக்கம் வெளியே வர வேண்டும். இடுப்புவலி போகும் என்பார்கள். குண்டானவர்களும் எப்படியோ வந்துவிடுகிறார்கள். வரிசையில் இருபது பேர் இருந்தோம். ஆறே முக்காலுக்கு, எங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது, தனசேகரின் போன் அடித்தது. ஆனந்தி. அவன் வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் போனான். நானும் பின்னாலேயே போனேன். சத்தத்தில் காது கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டான்.

"அப்பா, குதிக்கல." அவள் தமிழ் கொஞ்சம் மழலையாக இருக்கும், ஆனால் தெளிவாகப் பேசுவாள். "காத்து. ரெண்டு தடவ சுத்தினாங்க. கதவு திறந்தே இருந்துச்சு. நான்தான் முதல் ஆள். பச்சை வரவே இல்ல. திரும்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

தனசேகர் கண்ணை மூடிக்கொண்டான். வேண்டியது கிடைத்துவிட்டது.

"நாளைக்கு மறுபடியும். காலையில" என்றாள். பிறகு, "அப்பா, ஏறும்போது எனக்கு பயமே இல்ல. இப்ப இருக்கு. கீழ பார்த்துட்டேன். நாளைக்கு என்னால முடியாதோன்னு இருக்கு. நீ எப்படிக் குதிச்ச?"

அந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வந்துவிடு கண்ணு என்றால் போதும், அவள் வந்துவிடுவாள். எனக்கு அது தெரிந்தது, அவனுக்கும் தெரியும். உள்ளே யாரோ பிள்ளையாரிடம் மாட்டிக்கொண்டு கத்த, வெளியே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"ஆனந்தி" என்றான். அது என் தம்பியின் குரல் இல்லை. விமானத்தில் கத்துகிறவனின் குரல் அப்படித்தான் இருந்திருக்கும். "கேளு. கதவுல நிக்கிறப்ப கீழ பாக்காத. தெற்கால பனிமல தெரியும்ல? அதயே பாரு. அங்க நிக்கிற எல்லாருக்கும் பயந்தான். எனக்குக் கடைசிக் குதி வரைக்கும் இருந்துச்சு. உங்கிட்ட சொன்னதில்ல. மொத தடவ நான் கண்ண மூடிக்கினு குதிச்சேன். நீ மூடாத."

"நீயா அப்பா?"

"நான்தான். கால ஒட்டி வெச்சுக்க, தாடைய மார்புல வை. இப்ப போய்ச் சாப்புடு. சாப்பாட்ட உட்டுடாத. பின்னாடி நிக்கிற பொண்ணு உன்னோட முதுகு வாரெல்லாம் நல்லா பாக்குறாளா?"

"பாக்குறா."

"சரி. வில்லை குத்த நான் வரேன்."

அந்தப் பக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. போனை மடியில் சொருகிக்கொண்டு, "அக்கா, நம்ம வரிச போயிடுச்சு" என்றான். மறுபடியும் கடைசியில் போய் நின்றோம். ஆறடி ஆள் அந்த இடுக்கில் இடுப்புவரை போய் நின்றுவிட, பின்னாலிருந்த பெரியவர், "மூச்ச வுட்டுட்டு நெளிங்க, முன்னாடிதான் போவணும், பின்னாடி வர முடியாதுங்க" என்று கால்களைத் தள்ளிவிட்டார். நான் சிரித்ததில் எனக்கு இடுப்புவலி புதிதாக வந்தது.

ஈசானிய லிங்கம் பொறியாளர் படைக்கு. கண்ணிவெடி எடுப்பவர்கள், பாலம் போடுபவர்கள். அங்கே அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே விமானச் சீட்டை மாற்ற யாரிடம் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டான். ஊருக்குள் வந்து சேர்ந்தபோது மணி எட்டு. பாதத்தில் எனக்கு மூன்று கொப்புளங்கள், அவனுக்கு ஒன்றுகூட இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். பேச்சுத்துணையோடு நடக்க விரும்பினால் பௌர்ணமியை விட்டுவிடுங்கள், அன்று தள்ளுமுள்ளுதான். சாதாரண நாளில் விடியற்காலை நான்கு மணி நல்லது, இல்லையென்றால் அந்த ஆட்டோக்காரர் சொன்ன மாலை நான்கு. எங்களைப் போல இரண்டு மணிக்குக் கிளம்பாதீர்கள். நிற்காமல் நடந்தால் நான்கு மணி நேரம், கதை பேசிக்கொண்டு நடந்தால் ஆறு. வழியில் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் பஞ்சமில்லை, ஐந்து ரூபாய்ச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கால் முடியாமல் போனால் பாதியில் ஆட்டோ கிடைக்கும். சாப்பாட்டுக்கு மத்தியப் பேருந்து நிலையப் பக்கம் மலிவு, செங்கம் சாலையில் விலை அதிகம். படைப்பிரிவுகளில் ஆர்வமுள்ளவர்கள் பிரான்ஸுக்குப் போனால் ‘போ’, துலூஸ், கார்க்கசோன் மூன்றையும் ஒரே ரயில் பயணத்தில் பார்த்துவிடலாம் என்கிறான் தம்பி. நான் இன்னும் போகவில்லை, அதனால் உத்தரவாதம் தர மாட்டேன்.

அந்தப் பிரிகேட் சரித்திரத்தில் எனக்குள்ள சண்டை தீரவில்லை. யார் நாட்டில் யார் போய்க் குதித்தார்கள் என்று கேட்பதை நான் நிறுத்தப்போவதும் இல்லை. ஆனால் இத்தனை வருடமாக அதை ரெஜிமென்ட், ஆண்டு, ஊர் என்று மட்டும் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதவில் நிற்கிற ஒரு பெண்ணின் குரலைக் கேட்ட பிறகு அப்படிப் படிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் ஆனந்தி குதித்தாள். அதன்பின் இன்னும் ஐந்து தடவை. போவிலிருந்து தனசேகர் படம் எதுவும் அனுப்பவில்லை, குரல் பதிவு ஒன்றுதான் அனுப்பினான். பின்னால் வாத்தியச் சத்தம்.

"அக்கா, குத்திட்டேன். எத்தினி பேருக்குக் கொக்கி மாட்டியிருப்பேன், இந்தச் சின்ன ஊசி துணியில எறங்கல. கை அப்டி ஆடுது. ரெண்டு தடவ எம்பொண்ணு மேலயே குத்திட்டேன். அசையாம நின்னா. அப்புறம் அவளே என் கையப் புடிச்சு அழுத்தி, ‘கோ, அப்பா’ன்னா."